மலைச்சரிவில் கட்டட அனுமதி: கிராமசபையின் முன் வைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலையில், ஏற்காடு ஏரிக்கரையின் சந்தடியிலிருந்து விலகி இருக்கும் மலைக்கிராமம் ஒன்றின் குடியிருப்போர் நலச் சங்கம் சார்பில் இதை எழுதுகிறேன். காப்பித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களும், இரண்டொரு ஏக்கரில் சொந்தமாகக் காப்பியும் மிளகும் வைத்திருப்பவர்களும், பணி ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பியவர்களும் சேர்ந்ததுதான் எங்கள் சங்கம். தெருவிளக்கு, சாலை, ரேஷன் கடை என்று மனு எழுதத் தொடங்கிய நாங்கள் இப்போது பெரும்பாலும் தண்ணீருக்காகவே எழுதிக்கொண்டிருக்கிறோம். இதன் காரணத்தை, குறிப்பாகச் சேலம் நகரத்தில் இருக்கும் வாசகர்கள் அறிய வேண்டும்.

எங்கள் ஊருக்குக் குடிநீர் தருவது, ஊருக்கு மேலே எஸ்டேட் வேலியை ஒட்டிய பாறையிடுக்கில் சுரக்கும் ஓர் ஊற்று. அதன் அருகே கட்டிய சிறு தொட்டியிலிருந்து தண்ணீர் மோட்டார் இல்லாமலேயே குழாய் வழியாக ஊருக்கு இறங்கி வருகிறது. சங்கத்துப் பெண்கள் மாதந்தோறும் அந்தக் குழாயடியில் ஒரே அளவுள்ள குடத்தை வைத்து, அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று செல்போனில் பார்த்துப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதி வருகிறார்கள். கோடையில் அந்த நேரம் கூடுவது இயல்புதான். ஆனால் மேற்புறச் சரிவில் தங்கும் விடுதி ஒன்றுக்காக ஆழ்துளைக் கிணறு போட்ட பிறகு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்திலேயே குடம் நிரம்பும் நேரம் சித்திரை மாதத்து அளவுக்கு வந்துவிட்டது.

இதை எங்கள் ஊரின் தனிக்குறை என்று ஒதுக்கிவிடக் கூடாது. இந்த மலை சார்னோகைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. பாறையின் உடலில் தண்ணீர் தங்க இடமில்லை. அதன் மேலுள்ள மண்ணிலும், சிதைந்த பாறையிலும், விரிசல்களிலும் தங்கும் மழைநீர்தான் மெல்லக் கசிந்து ஊற்றாகவும் ஓடையாகவும் வெளிவருகிறது. மேலே ஒருவர் நூற்றுக்கணக்கான அடி துளைத்து அதே விரிசலைத் தொட்டுவிட்டால், அவர் இறைக்கும் நீர் கீழே ஊற்றில் குறையும். அதோடு நிழல் மரங்களை வெட்டி, ஜேசிபி கொண்டு சரிவைக் குடைந்து மனைகளாகச் சமன் செய்யும்போது, மழைநீரை உறிஞ்சி வைத்திருந்த மேல்மண்ணே போய்விடுகிறது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண்சரிந்து போக்குவரத்து நின்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய பெருமழையை யாராலும் தடுக்க முடியாது; ஆனால் செங்குத்தாக வெட்டித் தாங்குசுவர் இல்லாமல் விடப்பட்ட சரிவு அந்த மழைக்கு நிற்காது என்பது மலையில் வாழும் எவருக்கும் தெரிந்ததே.

சேலம் நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறும், ஓமலூர் வழியாகச் செல்லும் சரபங்காவும், தருமபுரி மாவட்டத்து வயல்களுக்குப் பாயும் வாணியாறும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. ஏற்காடு ஏரியின் உபரி நீர்தான் கிளியூர் நீர்வீழ்ச்சியாக விழுகிறது. ஏரியைச் சுற்றிலும் சரிவுகளிலும் எழும் விடுதிகளின் கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்வி அடிவாரத்தில் இருப்பவர்களையும் சேர்ந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. மலைப்பகுதிகளைக் காப்பதற்காக மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தைத் தமிழக அரசு 1990-இலேயே அமைத்தது. அந்த வரம்புக்குள் வரும் கிராமங்களில் மனைப்பிரிவுக்கும் கட்டடங்களுக்கும் அனுமதி தருமுன் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் கருத்தைப் பெற வேண்டும். குறை எங்கே என்றால், இந்தக் கோப்புகள் எதையும் ஊர்மக்கள் பார்க்க முடிவதில்லை. மேற்சொன்ன விடுதிக்கு எந்தத் துறை என்ன நிபந்தனை விதித்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டோம். ஓர் அலுவலகம் எங்கள் மனுவை இன்னோர் அலுவலகத்துக்கு மாற்றியது. அந்த அலுவலகமோ அப்படிப்பட்ட ஆவணம் தங்களிடம் இல்லை என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டது. அதற்குள் கட்டடத்தின் இரண்டாம் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள்.

ஏற்காடு ஒன்றியத்தில் பெரும்பான்மையினர் ‘மலையாளி’ எனப்படும், தமிழ் பேசும் மலைவாழ் பழங்குடியினர். வேறு சில மாநிலங்களில், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடியினர் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் வாழும் பழங்குடியினரின் கிராமசபைகளுக்கு 1996-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கூடுதல் அதிகாரம் தந்துள்ளது. தமிழ்நாட்டில் எந்தப் பகுதியும் அவ்வாறு அறிவிக்கப்படாததால், 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் தரும் கிராமசபை ஒன்றே எங்களுக்குப் பிடிமானம். 2019-இல் நாங்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போய்விட்டது. வார்டு உறுப்பினரும் தலைவரும் இல்லாத காலத்தில் அனுமதிக் கோப்புகள் மட்டும் தடையின்றி நகர்வதை ஏற்க முடியவில்லை.

நாங்கள் வளர்ச்சிக்கு எதிரிகள் அல்லர். வார இறுதியில் வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பி எங்கள் பிள்ளைகள் வண்டி ஓட்டுகிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், விடுதிகளில் வேலை செய்கிறார்கள். ஆனால் விடுதி வாசல் வரை தார்ச்சாலை வந்து நின்றுவிட, அதற்கு அப்பால் உள்ள குடியிருப்புக்கு மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் ஏற முடியாமல் கர்ப்பிணியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நிலை இன்னும் இருக்கிறது. காட்டெருமைகள் தோட்டத்துக்குள் இறங்கும் அந்தி நேரத்தில் பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு பேருந்து கூட இல்லை. ஊருக்கு வேண்டிய வளர்ச்சி என்று நாங்கள் கருதுவது இவற்றைத்தான்.

குப்பையைப் பற்றியும் ஒரு சொல். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. மலைப்பகுதிகளில் குப்பைக் கிடங்கு அமைப்பதைத் தவிர்த்து, மிஞ்சும் கழிவைச் சமவெளிக்கு இறக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. நடைமுறையில் எங்கள் ஓடைகளைத் தூர்வாரும்போதெல்லாம் சங்கத்தினர் சாக்குச் சாக்காகத் தண்ணீர் பாட்டில்களைத்தான் அள்ளுகிறார்கள்.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. சரிவில் எந்தக் கட்டடத்துக்கு விண்ணப்பம் வந்தாலும், அதற்கான தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், சரிவு எவ்வளவு வெட்டப்படும் என்ற விவரங்களைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். கிராமசபையில் படித்து, மக்கள் சொல்வதைப் பதிவு செய்த பிறகே அனுமதி வழங்க வேண்டும். குடிநீர் ஊற்றுகளை வருவாய்த்துறை அளந்து வரைபடத்தில் குறித்து, அவற்றுக்கு மேற்புறம் ஆழ்துளைக் கிணறு போடுவதைத் தடுக்க வேண்டும்.

உலக தண்ணீர் தினமான மார்ச் 22 கிராமசபை இதைத் தொடங்கப் பொருத்தமான நாள். ஏற்காடு ஒன்றியத்தில் இதுவரை அனுமதி பெற்ற விடுதிகள், அவற்றின் ஆழ்துளைக் கிணறுகள் ஆகியவற்றின் பட்டியலை அன்று ஊராட்சிதோறும் வைக்கவும், அனுமதி அளித்த துறைகளின் அலுவலர்கள் நேரில் வந்து மக்களுக்குப் பதிலளிக்கவும் மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
மலைக்கிராமக் குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர் ஒருவர்,
ஏற்காடு ஒன்றியம், சேலம் மாவட்டம்.