திமிங்கிலத்தை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

பாலூட்டிகளின் பரிணாமம் பற்றிய நூலுக்கு ஞாயிறு இணைப்பில் வந்த மதிப்புரையைப் படித்தேன். நல்ல அறிமுகம்தான். ஆனால் டைனோசர்கள் அழிந்த பிறகே பாலூட்டிகள் தோன்றியதுபோல் எழுதியிருப்பது சரியல்ல. அந்த அழிவு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. மூஞ்சூறு போன்ற ஆதிப் பாலூட்டியான மார்கனுகோடான் வாழ்ந்ததோ சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு!

அப்புறம், திமிங்கிலம் பற்றி ஒரு வரிகூட இல்லை. நிலத்தில் நடந்த விலங்கு கடலுக்குப் போன அந்தக் கதையின் முக்கியச் சான்றுகள் நம் துணைக்கண்டத்தில்தான் கிடைத்தன. நிலத்தில் நடந்த ஆதித் திமிங்கிலமான பாகிசீட்டஸ் பாகிஸ்தானில், திமிங்கிலத்தின் நெருங்கிய உறவான, பூனை அளவே இருந்த, குளம்புள்ள இண்டோஹியஸ் காஷ்மீர்ப் பகுதியில். இண்டோஹியஸின் புதைபடிவங்கள் இருந்த பாறைகளைச் சேகரித்துவைத்தவர் இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ். அவர் மறைவுக்குப் பின், அவற்றைச் சுத்தம் செய்தபோது ஒரு மண்டையோடு தற்செயலாக உடைந்தது. உள்ளே காதெலும்பில் திமிங்கிலங்களுக்கே உரிய தடித்த சுவர்! 2007இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. இதை எழுதாமல் மாமூத் யானைக்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்கியது எனக்குக் குறையாகவே பட்டது. மாணவர் பகுதியிலாவது ரங்கா ராவைப் பற்றி எழுதுங்கள்.

ஒரு வாசகர்,
திண்டுக்கல்.