கண்டங்கள் மோதினால் எரிமலை வராதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் இமயமலை பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, படங்களும் அருமை. ஆனால் கடைசிப் பத்தியில், இரண்டு கண்டங்கள் மோதும் இடத்தில் மலை உயரும், எரிமலை வராது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். இமயத்துக்கு அது சரி. உலகம் முழுக்கப் பொருந்தும் விதி மாதிரி எழுதியதுதான் இடிக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கொஞ்சம் மேற்கே பாருங்கள். அரேபியத் தட்டு, அதாவது அரேபியாவைச் சுமந்து நகரும் புவியோட்டுப் பாளம், ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து யூரேசியாவை முட்டிக்கொண்டே இருக்கிறது. இதுவும் அசல் கண்ட மோதல்தான், ஈரானின் ஜாக்ரோஸ் மலைத்தொடர் மடிந்து எழுந்ததே அதனால்தான். அதே மோதலில் சிக்கிய கிழக்குத் துருக்கியில் 5,137 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அராரத், முழுக்க முழுக்க எரிமலை. 1840இல் நிலநடுக்கமும் வெடிப்பும் சேர்ந்து வந்தபோது சரிந்த பாறையும் மண்ணும் அடிவாரத்து அகூரி கிராமத்தை அப்படியே மூடிவிட்டன. வான் ஏரிக்கரையில் உள்ள நெம்ருத் இன்னும் சுவாரசியம்: அந்த எரிமலை கக்கிய குழம்பு வடிகாலை அடைத்ததால்தான் அங்கே ஏரியே உண்டானது, வெளியேற வழியில்லாத தண்ணீர் இன்று சோடா உப்பேறிக் கிடக்கிறது. ஈரானில் தெமாவந்த், 5,600 மீட்டருக்கு மேல், உச்சியில் கந்தகப் புகை இன்னும் நிற்கவில்லை.

அப்புறம் இமயத்தில் மட்டும் ஏன் இல்லை? கடல் தட்டு கீழே அமிழும்போது அதிலுள்ள நீர் கசிந்து மேலிருக்கும் கவசப் பாறையை (புவியோட்டுக்கு அடியிலுள்ள சூடான பாறை அடுக்கு) எளிதில் உருக வைக்கும். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே அந்தக் காலத்தில் கிடந்த டெதிஸ் கடல் இருந்தவரை அங்கேயும் அதுதான் நடந்தது. லடாக்கின் லே நகரைச் சுற்றியுள்ள கிரானைட் அந்தப் பழைய எரிமலைகளின் அடிவேர்தான். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் மூடி, குளிர்ந்த தடித்த இந்தியக் கண்டமே திபெத்துக்கு அடியில் நுழைந்ததும் கதை முடிந்தது. கிழக்குத் துருக்கியில், அமிழ்ந்த கடல் தட்டு ஒடிந்து கீழே போய்விட, அந்த இடத்துக்குச் சூடான கவசப் பொருள் மேலேறி அழுத்தம் குறைந்து உருகியது என்பதுதான் பல ஆய்வாளர்கள் தரும் விளக்கம். இமயத்தைத் தாண்டிப் போனால், திபெத்தின் வடமேற்கு ஓரத்துக் குன்லுன் மலையில்கூட இளம் எரிமலைக் கூம்புகள் இருக்கின்றன!

இன்னொன்று. இமாசலப் பிரதேசத்து மணிகரண் வெந்நீர் ஊற்றுக்குக் கீழே எரிமலை உறங்குகிறது என்று பெட்டிச் செய்தியில் போட்டிருந்தீர்கள். அங்கே குருத்வாராவில் அந்த ஊற்று நீரிலேயே அரிசி வேகவைக்கும் அளவுக்குச் சூடு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மழையும் பனியுருகிய நீரும் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகித் திரும்பி வருகிற சமாச்சாரம் அது, எரிமலை இல்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு திருத்தம் போடுங்கள். அதோடு துருக்கியும் ஈரானும் தெரிகிற மாதிரி ஒரு வரைபடமும் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாம்பரம்