அனினிக்குப் போகும் மகளுக்கு

பாப்பாவுக்கு,

அருணாசலப் பிரதேசத்தில் அனினி வங்கிக் கிளைக்கு மாற்றல் என்று நீ போனில் சொன்னதிலிருந்து உன் அம்மா மேப்பைத் திறந்து திறந்து பார்த்து, "ஒரே பச்சையா இருக்கு, ஊரையே காணோம்" என்று புலம்பிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. 2011 கணக்கெடுப்பில் அனினி இருக்கும் திபாங் பள்ளத்தாக்கு மாவட்டம் முழுக்க 8,004 பேர்தான், இந்தியாவிலேயே குறைவு. பரப்போ 9,129 சதுர கிலோமீட்டர். நம் சிவகங்கை மாவட்டத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். இங்கே அப்போதே 13 லட்சம் பேர்.

ஆனால் அங்கே யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று ஒன்று கிடையாது. நான் எல்லைச் சாலை போடும் கிரெஃப் படையில் அந்த ரோட்டு வேலையில் இருந்தபோது, புதிதாக வரும் பையன்கள் கண்ணில் பட்ட சரிவில் ஜல்லிக்குக் கல் உடைக்கத் தொடங்குவார்கள். மாலைக்குள் இடுப்பில் கத்தியோடு ஒரு பெரியவர் வந்து நிற்பார், கோபமாகக்கூட இருக்காது. இந்த ஓடையிலிருந்து அந்த முகடு வரை எங்கள் குலத்துடையது, யாரைக் கேட்டு உடைக்கிறீர்கள் என்பார். கடன் விண்ணப்பத்தோடு உன் மேசைக்கு வருகிறவரிடம் நம்மூர்ப் பட்டா, சிட்டா மாதிரி காகிதம் இருக்காது, அதற்காக அவர் நிலம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார்.

மாடும் அப்படித்தான். மிதுன் என்று காட்டில் தானாக மேய்ந்து திரியும், கட்டிப்போட மாட்டார்கள், பால் கறக்க மாட்டார்கள். காதில் வெட்டியிருக்கும் அடையாளத்தை வைத்துத்தான் யாருடையது என்று தெரியும். உரியவர் உப்பைக் கையில் வைத்துக்கொண்டு குரல் கொடுத்தால் புதரை விலக்கிக்கொண்டு வந்து உள்ளங்கையை நக்கும் பார், அவ்வளவு பெரிய உடம்பு! கல்யாணத்துக்குப் பெண் வீட்டாருக்குக் கொடுப்பதும், ரே திருவிழாவில் பலி கொடுப்பதும் அதைத்தான். ஒரு வீட்டின் சொத்தே அதுதான், உன் வங்கிக் கணக்கில் மட்டும் வராது.

அங்குள்ளவர்கள் 'இடு மிஷ்மி' என்ற பழங்குடியினர். அந்தக் காலத்தில் கணவாய் தாண்டித் திபெத்துக்குப் போய், மிஷ்மி தீதா என்ற கசப்பு வேரும் கஸ்தூரியும் கொடுத்து உப்பும் கத்தியும் வாங்கி வந்தவர்கள். 1950 ஆகஸ்ட் 15 பூகம்பத்தில் மலைகள் சரிந்தன, 1962 போருக்குப் பிறகு எல்லையும் அடைத்துப்போனது. அப்புறம் எல்லாம் அசாம் பக்கம் திரும்பிவிட்டது. 1980-இல் லோஹித் மாவட்டத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். 2001-இல் அடிவாரத்து ரோயிங் ஊர்ப் பக்கத்துச் சமவெளி தனியாகப் போனதும் மலைதான் மிச்சம். இப்போது கையில் காசு என்றால் அரசுச் சம்பளம், கான்ட்ராக்ட், பெரிய ஏலக்காய், கொஞ்சம் கிவி. அரிசி, சிமென்ட், சிலிண்டர் எல்லாம் ரோயிங்கிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் மலை ஏறி வர வேண்டும். மழையில் ரோடு சரிந்தால் கடைக்காரர் சொல்வதுதான் விலை, பேரம் பேசாதே. நாங்கள் போன காலத்தில் அசாமின் சதியாவில் படகில் வண்டியை ஏற்றி ஆற்றைக் கடப்போம். 2017-இல் திறந்த 9 கிலோமீட்டர் பாலத்தில் நீ ஜாலியாகப் போகலாம்.

அடுத்து அணைக்கட்டுப் பேச்சு. திரி, தாலோ ஆறுகள் சேருகிற எடலினில் 3,097 மெகாவாட் திட்டம் வெகுநாளாகப் பேச்சில் இருக்கிறது. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் சேர்ந்தே 2,000 தான், கணக்குப் பார்த்துக்கொள். வெட்ட வேண்டிய மரம் இரண்டரை லட்சத்துக்கும் மேல். ஊரில் ஒரே கருத்து கிடையாது, இழப்பீட்டுப் பணம் வரட்டும் என்பவரும் உண்டு, ஆற்றைத் தொடாதே என்பவரும் உண்டு, ஒரே வீட்டிலேயே அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம். வெளியிலிருந்து போய் யார் பக்கமும் பேசாதே, ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. புலியையும் மனிதனையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நம்பிப் புலியைக் கொல்லாமல் இருக்கும் ஜனம் அது. அவர்கள் காட்டைப் புலிகள் காப்பகம் ஆக்கப் பேச்சு எழுந்தபோது எதிர்த்தார்கள் என்று பேப்பரில் படித்தேன். நியாயம்தானே, வரைபடத்தில் காலியாகத் தெரிவதால்தானே ஆளுக்கு ஒரு கோடு போடுகிறார்கள்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். அங்கே நுழைவதற்கான இன்னர் லைன் பர்மிட்டை இரண்டு நகல் எடுத்து வை. போகும் வழியில் மாயோதியா கணவாயில் குளிர்காலத்தில் பனி கிடக்கும், ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில் வைக்காதே. டிரைவரிடம் மிதுனைக் கண்டால் நிறுத்தச் சொல். அடிபட்டால் மாட்டுக்காரருக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் வண்டி நகரும். அம்மா பருப்புப்பொடி அரைத்துக்கொண்டிருக்கிறாள், ரோயிங் முகவரி ஏதாவது இருந்தால் அனுப்பு.

அப்பா