அந்தப் படிவத்தில் என் மகனுக்கு ஒரு கோடு இல்லை

குழந்தை மருத்துவர்களுக்கும், குழந்தைகளுக்கு அறுவை செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

என் மகனுக்கு அப்போது மூன்றரை வயது. சளிக்காகத்தான் போயிருந்தோம். உங்களில் ஒருவர் அவன் டவுசரை இறக்கி, முன்தோலைப் பின்னால் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. பிள்ளை வீறிட்டான். "இறங்கலையே, எடுத்துடலாம். சுன்னத் மாதிரிதான், சின்ன வேலை" என்றார். நர்ஸ் ஒப்புதல் படிவத்தை நீட்டினார். 'நோயாளி / காப்பாளர் கையொப்பம்' என்று இருவருக்கும் சேர்த்து ஒரே கோடு. பேனாவை வாங்கியவன், கையெழுத்துப் போடவில்லை. கொள்கையெல்லாம் இல்லை, பயம்தான்.

வேறொரு மருத்துவரிடம் போனோம். "ஒன்னுக்கு நல்லாப் போறானா? அடிக்கடி சிவந்து வீங்குதா?" என்று கேட்டார். போகிறான், வீங்குவதில்லை. "அப்ப இழுக்காம விடுங்க." அவ்வளவுதான் வைத்தியம். இன்று அவனுக்குப் பத்து வயது. தோல் தானாகவே பிரிந்துவிட்டது.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்லவில்லை. பிறக்கும்போது முன்தோல் ஆண்குறியின் மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும். டென்மார்க்கில் யாகோப் ஓஸ்டர் என்ற மருத்துவர் பள்ளிப் பையன்களை ஆண்டுக்கணக்கில் பரிசோதித்து 1968-இல் எழுதினார்: 6-7 வயதில் 63 சதவீதம் பேருக்கு ஒட்டல் இருந்தது, 16-17 வயதில் 3 சதவீதம் பேருக்குத்தான். அப்படியிருக்க, மூன்று வயதுப் பிள்ளையின் சீட்டில் 'முன்தோல் குறுக்கம்' என்று எழுதுவது பல நேரம் அவன் வயதையே நோயாக எழுதுவதுதான். தழும்பேறி இறுகிய தோல் வேறு விஷயம். அதற்கும் முதலில் ஸ்டீராய்டு களிம்பு இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் வெட்டுங்கள், அது சிகிச்சை.

என் கேள்வி, சிகிச்சையே தேவைப்படாத பிள்ளையைப் பற்றியது. "பெற்றோர் சம்மதம் இருக்கிறதே, தடுப்பூசிக்கும் அவர்கள்தானே கையெழுத்துப் போடுகிறார்கள்" என்பீர்கள். தடுப்பூசியைத் தள்ளிப்போட்டால் பிள்ளைக்குத் தட்டம்மை வரலாம். இதைத் தள்ளிப்போட்டால்? பதினெட்டு வயதில் அவனே வந்து கேட்பான், இல்லை கேட்காமலே இருந்துவிடுவான். முன்தோலை எடுத்தால் குழந்தைப் பருவச் சிறுநீர்த் தொற்று குறைகிறது என்பது உண்மை. ஆனால் ஆண் குழந்தைகளுக்கு அது அரிது, வந்தாலும் மருந்தில் தீரும். எச்.ஐ.வி. வாதத்தையும் பார்ப்போம். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகளில், முன்தோலை எடுத்துக்கொண்ட ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து தொற்றுவது ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்தது. அதை வைத்துத்தான் 2007-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் விவரம் கேட்டு, தாங்களே சம்மதித்த ஆண்கள். தொட்டில் பிள்ளைக்கு அந்த அவசரம் ஏது?

உங்கள் சங்கங்களுக்குள்ளேயே ஒரே குரல் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-இல், நன்மை அபாயத்தைவிட அதிகம், ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யச் சொல்லுமளவுக்கு இல்லை என்றது. நெதர்லாந்து மருத்துவர் சங்கம் 2010-இலும் டென்மார்க் சங்கம் 2016-இலும், காரணமில்லாமல் சிறுவர்களுக்குச் செய்ய வேண்டாம் என்ற பக்கம் நின்றன. பெண் குழந்தை என்றால் நாம் இவ்வளவு யோசிப்பதே இல்லை. அவள் பிறப்புறுப்பில் ஊசியால் ஒரு குத்துக் குத்துவதையும் உலக சுகாதார நிறுவனம் பெண் உறுப்புச் சிதைப்பின் கீழ்தான் வைக்கிறது. பெண் குழந்தைகளுக்கு நடப்பது பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு கொடூரம், இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் அங்கே 'சின்னக் காயம்தானே' என்ற சமாதானத்தை நாம் ஏற்பதில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

சரி, மதம். இங்கே எனக்கும் நாக்கு கொஞ்சம் தடுமாறும். யூதர்களுக்குப் பிள்ளை பிறந்த எட்டாம் நாள் இதைச் செய்வது கடவுளோடு உள்ள உடன்படிக்கை. காத்திரு என்று சொல்வது அவர்களிடம் பெரிதாக ஒன்றைக் கேட்பதுதான். முஸ்லிம்களிடம் இந்த வயதில்தான் என்ற ஒரே வழக்கம் இல்லை, அதனால் பேச இடம் இருக்கிறது. 2012-இல் ஜெர்மனியின் கொலோன் நீதிமன்றம் இதை உடற்காயம் என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அனுமதித்துவிட்டது. தடை கேட்டு நான் எழுதவில்லை. தடை வந்தால் கத்தி பயிற்சியில்லாத கைக்குப் போகும், நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

உங்களிடம் கேட்பது வேறு. "பெரியவனானதும் அவனே முடிவு செய்யட்டுமே" என்று பெற்றோரிடம் ஒரு தடவையாவது சொல்லுங்கள். அப்புறமும் செய்வதென்றால், சர்க்கரைத் தண்ணீர் தொட்ட பஞ்சை வாயில் வைத்துவிட்டு வெட்டாதீர்கள், மரத்துப்போகும் ஊசி போடுங்கள். சுவீடன் 2001-லேயே வலி நிவாரணத்தைச் சட்டமாக்கிவிட்டது. விவரம் புரியும் வயதுப் பிள்ளையாக இருந்தால் அவனிடமே கேளுங்கள். வேண்டாம் என்று அழுகிறவனை நாலு பேர் பிடித்துக்கொண்டிருக்கும்போது கத்தியை எடுக்காதீர்கள்.

படிவத்தையும் மாற்றுங்கள். காப்பாளருக்கு ஒரு கோடு, பிள்ளைக்குத் தனியாக ஒரு கோடு. அது காலியாக இருந்தால், ஏன் காத்திருக்க முடியாது என்பதை அதற்குக் கீழே உங்கள் கைப்பட எழுதுங்கள்.

இப்படிக்கு,
பேனாவைத் திருப்பிக் கொடுத்த ஓர் அப்பா