மாம்பழ சீசனில் எங்கள் மெயில் முடங்கியது பற்றிய புகார்

அனுப்புநர்:
நிர்வாகப் பொறுப்பாளர்,
மாம்பழக்கூழ் தயாரிப்புக் கூடம்,
காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
டொமைன் மற்றும் ஹோஸ்டிங் பிரிவு.

பொருள்: எங்களுக்குத் தெரிவிக்காமல் சர்வர் மாற்றியதில் மெயில்கள் தொலைந்தது, அவற்றை மீட்டுத் தரவும், டிகிம் (மெயில் எங்களுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து) பதிவைச் சரிசெய்யவும், கட்டணத்தைத் திருப்பித் தரவும் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் நிறுவனத்தின் இணையதளம், டொமைன், அலுவலக மெயில் கணக்குகள் எல்லாமே பல வருடங்களாக உங்களிடம்தான் இருக்கின்றன. இந்த ஜூன் தொடக்கத்தில் எங்கள் கணக்கைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றினீர்கள். அன்றிலிருந்து நாங்கள் அனுப்பிய மெயில்கள் போய்ச் சேரவில்லை; எங்களுக்கு வந்த மெயில்கள் எங்கள் கண்ணில் படவில்லை. இணையதளம் மட்டும் நன்றாகத் திறந்தது. அதைக் காட்டியே உங்கள் சப்போர்ட்டில் இருப்பவர்கள் "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம், உங்க சிஸ்டத்தைப் பாருங்க" என்று ஒவ்வொரு டிக்கெட்டையும் மூடினார்கள். உங்கள் பக்கம் சரியாக இல்லை. எங்கே கோளாறு, ஏன் கோளாறு என்பதை ஆதாரத்தோடு எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

ஜூன் மாதம் எங்களுக்கு என்ன மாதம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கூழ் தொழில் நடப்பதே வருடத்தில் சில மாதம்தான். அல்போன்சா ரக மாம்பழம் முதலில் வரும், பின்னாலேயே பெங்களூரா ரகம் வந்து குவியும். தோட்டத்திலிருந்து லாரி வந்து நின்றுவிட்டால் காயைக் காத்திருக்க வைக்க முடியாது. பழுக்க வைத்து, கூழாக்கி, 215 கிலோ டிரம்மிலும் 3.1 கிலோ டின்னிலும் அடைத்தாக வேண்டும். ஜூஸ் கம்பெனிகளும் ஏற்றுமதியாளர்களும் வருடத்துக்கான ஆர்டரை இந்த நாட்களில்தான் முடிவு செய்கிறார்கள். பிரிக்ஸ் (இனிப்பின் அளவு) எவ்வளவு, அமிலத்தன்மை எவ்வளவு என்ற லேப் ரிப்போர்ட், கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர், பேக்கிங் லிஸ்ட், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னருக்கான காகிதங்கள் எல்லாம் மெயிலில்தான் போகும், மெயிலில்தான் வரும். ஆர்டர் உறுதியானால் அட்வான்ஸ் வரும். அந்தப் பணத்தில்தான் காய் போட்ட விவசாயிக்குப் பட்டுவாடா செய்வோம். மெயில் நின்றால் இந்தச் சங்கிலி முழுவதும் நின்றுபோகிறது.

விஷயம் தெரியவந்ததே வாங்குபவர் சொல்லித்தான். பெங்களூரில் இருந்து எங்களிடம் வழக்கமாக வாங்கும் நிறுவனத்தின் பர்ச்சேஸ் மேனேஜர் போன் செய்து, "என்ன மேடம், கொட்டேஷன் இன்னைக்கு அனுப்பறேன்னு சொன்னீங்க, வரவே இல்லையே? நான் போட்ட மெயிலுக்கும் பதில் இல்லை. இந்த வருஷம் சரக்கு தர்றதா இல்லையா?" என்று கேட்டார். கொட்டேஷன் எங்கள் 'சென்ட்' பெட்டியில் இருந்தது. அவர் போட்டதாகச் சொன்ன மெயில் எங்கள் இன்பாக்ஸில் இல்லை, ஸ்பேமிலும் இல்லை. அதன் பிறகுதான் ஜிமெயில் பயன்படுத்தும் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய மெயில்கள் 550 5.7.26 என்ற பிழை எண்ணோடு திரும்பி வந்திருப்பதைக் கவனித்தோம். டொமைனின் டிமார்க் கொள்கைப்படி (எங்கள் பெயரில் வரும் மெயில் உண்மையானது என்று உறுதியாகாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லி வைத்திருப்பது) இந்த மெயிலை ஏற்க முடியாது என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. அந்த முழுச் செய்தியையும் முதல் டிக்கெட்டிலேயே இணைத்தேன். உங்கள் ஆட்கள் ஒருவராவது அதைத் திறந்து படித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

கடைசியில் கிருஷ்ணகிரி ஐந்து ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் தம்பி ஒருவர் வந்து உட்கார்ந்து பார்த்தார். உங்களிடம் எங்கள் டொமைனுக்கு இரண்டு இடத்தில் டிஎன்எஸ் அமைப்பு (எங்கள் தளமும் மெயிலும் எந்த சர்வரில் இருக்கின்றன என்று உலகுக்குச் சொல்லும் பதிவுகள்) இருக்கிறது. ஒன்று ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில். இன்னொன்று டொமைன் பேனலில். எங்கள் டொமைனின் நேம்சர்வர் இரண்டாவதைத்தான் பார்க்கிறது. உலகம் கேட்கும்போது பதில் சொல்வதும் அதுதான். சர்வர் மாற்றியபோது நீங்கள் மெயிலுக்கான எம்எக்ஸ் (வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது), எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளையெல்லாம் முதல் இடத்தில் அழகாகப் புதுப்பித்துவிட்டு, நிஜமாக வேலை செய்யும் இரண்டாவது இடத்தில் இணையதளத்துக்கான ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். அதனால்தான் தளம் திறந்தது, மெயில் செத்தது. உங்கள் சப்போர்ட்டில் இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் யாருமே கேட்காத அந்த முதல் இடத்தைத் திறந்து பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்லியிருக்கிறார்கள்.

நாங்கள் அனுப்பிய மெயில் ஏன் திரும்பியது என்பதற்கு இதுதான் காரணம். எங்கள் டொமைனின் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் பழைய சர்வரின் ஐபி எண் மட்டும் இருந்தது. புதிய சர்வர் போட்ட டிகிம் கையெழுத்துக்கும் டிஎன்எஸ்ஸில் கிடந்த பழைய சாவிக்கும் பொருத்தமில்லை. இரண்டும் தவறினால் மெயிலை நிராகரி என்று டிமார்க்கில் நாங்கள் வைத்திருக்கிறோம். ஜிமெயில் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கூகுளிலிருந்து தினமும் வரும் டிமார்க் அறிக்கையில், தவறிய ஒவ்வொரு மெயிலும் உங்கள் புதிய சர்வரின் ஐபியிலிருந்தே கிளம்பியது பதிவாகியிருக்கிறது.

எங்களுக்கு வந்த மெயில்களின் கதை இதைவிட மோசம். எம்எக்ஸ் பதிவு பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கம்ப்யூட்டர்களும் போன்களும் புதிய சர்வரில் லாகின் ஆகிக்கொண்டிருந்தன. பழைய சர்வரையோ, அதிலிருந்த எங்கள் மெயில் கணக்குகளையோ அன்றே மூடியிருந்தால்கூட இவ்வளவு சேதம் வந்திருக்காது. சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்பியவரின் சர்வர் மெயிலைக் கையில் வைத்துக்கொண்டு பல நாள் திரும்பத் திரும்ப முயலும். கணக்கே இல்லாவிட்டால் மெயில் உடனே திரும்பிப் போகும். இரண்டிலும் அனுப்பியவருக்கு விஷயம் தெரிந்துவிடும், போனில் கூப்பிடுவார். நீங்கள் அதை ஓடவிட்டீர்கள். வந்த மெயிலையெல்லாம் அது வாங்கி, எங்களால் திறக்கவே முடியாத பெட்டியில் போட்டுக்கொண்டது. அனுப்பியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி எங்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பதில் வராததால் எத்தனை பேர் வேறு கம்பெனிக்குப் போனார்கள் என்பதை நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? அந்தப் பழைய பெட்டியைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்டபோது, "மைக்ரேஷன் முடிஞ்சதால பழைய சர்வரை எடுத்துட்டோம்" என்ற ஒரு வரிதான் பதிலாக வந்தது. வாடிக்கையாளரின் கடிதங்கள் உள்ளே இருக்கின்றனவா என்று பார்க்காமலே எடுத்தீர்களா என்ற என் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

உங்கள் சப்போர்ட் தந்த ஆலோசனைகளையும் எழுதியாக வேண்டும். டிஎன்எஸ் பரவ 24 முதல் 48 மணி நேரம் ஆகும், காத்திருங்கள் என்றார்கள். எங்கள் பதிவுகளின் டிடிஎல் (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 14400 நொடி, அதாவது 4 மணி நேரம். தவறாக இருக்கும் பதிவு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் தானாகத் திருந்தாது. அடுத்து வந்தவர் டிமார்க் பதிவையே நீக்கிவிடுங்கள், மெயில் போய்விடும் என்றார். இது சாவி சேரவில்லை என்றால் பூட்டைக் கழற்றி எறியச் சொல்வது. கூழ் வியாபாரத்தில் எங்கள் பெயரில் யாராவது ஒரு பொய் மெயில் போட்டு "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இங்கே அனுப்புங்கள்" என்று எழுதிவிட்டால், ஒரு கன்டெய்னரின் பணம் மொத்தமாகப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் டிமார்க்கைக் கடுமையாக வைத்திருக்கிறோம். மெயில் சேவை விற்கும் நிறுவனமே அந்தக் காவலை நீக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் காவல் எவ்வளவு தேவை என்பதையும் அதே வாரத்தில் பார்த்தோம். வேறு வழியில்லாமல் ஒரு தனிப்பட்ட ஜிமெயில் முகவரியிலிருந்து சென்னை ஏற்றுமதியாளர் ஒருவருக்கு புரோஃபார்மா இன்வாய்ஸ் அனுப்பினேன். புதிய முகவரி, அதில் வங்கி விவரம். அவர்களுடைய அக்கவுன்ட்ஸ் பிரிவு சந்தேகப்பட்டு அட்வான்ஸை நிறுத்திவிட்டது. அவர்கள் செய்தது சரி. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். என் மாமனார் தானே அவர்கள் முதலாளியிடம் போனில் பேசி, லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகுதான் பணம் வந்தது. அதுவரை காய் போட்டவர்கள் எங்கள் கேட்டில் வந்து நின்று, "எப்பம்மா பணம் வரும்?" என்று கேட்டார்கள். போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து வரும் பெரியவர் ஒருவர், பழம் பறித்த கூலிக்காரர்களுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் டிஎன்எஸ் என்றும் சர்வர் என்றும் நான் என்ன விளக்கம் சொல்வது?

எம்எக்ஸ் பதிவையும் எஸ்பிஎஃப் பதிவையும் டொமைன் பேனலில் அந்தத் தம்பியே சரிசெய்து கொடுத்துவிட்டார். உங்கள் வேலையை நாங்கள் காசு கொடுத்து வெளி ஆளை வைத்துச் செய்துகொண்டோம். ஆனால் டிகிம் இன்னும் தவறாகவே இருக்கிறது. அதை எங்களால் சரிசெய்ய முடியாது. புதிய சர்வர் உருவாக்கியிருப்பது 2048 பிட் சாவி. டெக்ஸ்ட் ரெக்கார்டில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் வரம்பு, சாவி அதைவிட நீளம். இரண்டு துண்டாகப் பிரித்துப் போட வேண்டும். உங்கள் டொமைன் பேனல் அதற்கு இடம் தராமல் 255-வது எழுத்தோடு வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட சாவி இருந்தும் இல்லாததுதான். எஸ்பிஎஃப் சரியாகிவிட்டதால் நேரே போகும் மெயில் இப்போது போகிறது. ஆனால் வாங்குபவர் அலுவலகத்தில் எங்கள் மெயில் தானாக இன்னொரு முகவரிக்கு ஃபார்வர்ட் ஆகும்படி வைத்திருந்தால், அங்கே எஸ்பிஎஃப் உடைந்துவிடும். டிகிம் மட்டும்தான் காப்பாற்றும். அப்படிப்பட்ட இடங்களில் எங்கள் மெயில் இன்றும் திரும்புகிறது. இதற்காகப் போட்ட டிக்கெட்டும் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டிருக்கிறது.

முன்னறிவிப்பு கொடுத்தோம் என்கிறீர்கள். பேனலுக்குள் அறிவிப்புகள் என்ற மூலையில் ஆங்கிலத்தில் ஒரு வரி கிடந்தது, பிறகு தேடியபோது பார்த்தேன். பிளான் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் என் போனுக்கு எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், நேரடி அழைப்பு எல்லாம் வருகிறது. அதே எண் உங்களிடம் இருக்கும்போது, எங்கள் மெயிலையே இடம் மாற்றும் நாளை ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையா? சொல்லியிருந்தால் சீசன் முடிந்து ஆகஸ்டுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருப்போம். இரண்டு சர்வரின் ஐபியையும் எஸ்பிஎஃப்பில் முன்கூட்டியே சேர்த்து, டிடிஎல்லைக் குறைத்து, எம்எக்ஸை மாற்றிய பிறகு பழைய பெட்டியில் விழுந்ததை மறுபடி ஒருமுறை நகலெடுப்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாத வித்தை இல்லை.

எனவே நாங்கள் கேட்பது: முதலாவதும் முக்கியமானதும், பழைய சர்வரின் பேக்கப்பிலிருந்து அந்த இடைக்காலத்தில் எங்கள் எல்லா மெயில் கணக்குகளுக்கும் வந்த மெயில்களை மீட்டு எங்கள் இன்பாக்ஸில் சேர்க்க வேண்டும். முடியாது என்றால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வந்த மெயில்கள் அழிந்தன என்பதையும், சர்வர் லாகில் இருக்கும் அனுப்பியவர் முகவரிகளையும் எழுத்தில் தர வேண்டும். அந்தப் பட்டியல் கிடைத்தால் ஒவ்வொருவரையும் நாங்களே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு மறுபடி அனுப்பச் சொல்லுவோம். டிகிம் சாவியை உங்கள் பொறியாளர் முழுமையாகப் பதிவேற்றி, ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, அது தேறியதைக் காட்ட வேண்டும். இந்த வருடத்துக்குக் கட்டிய மெயில் மற்றும் ஹோஸ்டிங் கட்டணத்தையும், வெளி ஆளுக்கு நாங்கள் கொடுத்த தொகையையும் திருப்பித் தர வேண்டும். எங்கள் டாட் காம் டொமைனை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்வதற்கான அனுமதிக் குறியீட்டையும் (ஆத் கோட்) இந்தக் கடிதத்தின் மூலமே கேட்கிறேன். டொமைன்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதிப்படி கேட்ட 5 நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மாறுவதா இருப்பதா என்பதை நீங்கள் இந்தப் புகாரை நடத்தும் விதத்தைப் பார்த்து முடிவு செய்வோம்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் குறைதீர்ப்பு அலுவலர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அப்படி நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்து, அடுத்த நடவடிக்கைக்கும் போவோம். பதிலைத் தானியங்கி டிக்கெட்டாக அனுப்ப வேண்டாம். பெயரும் பொறுப்பும் உள்ள ஒருவர் கையெழுத்திட்டு, மெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். பெங்களூரா இன்னும் வந்துகொண்டிருக்கிறது. டிகிம் வேலையை மட்டுமாவது பதில் எழுதும் முன்பே முடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
நிர்வாகப் பொறுப்பாளர்

இணைப்பு: திரும்பி வந்த மெயில்களின் நகல், டிமார்க் அறிக்கைகள், இரண்டு பேனல்களின் ஸ்கிரீன்ஷாட்கள், மூடப்பட்ட டிக்கெட்டுகளின் பட்டியல், கட்டண ரசீது.