எதிர் வீட்டு மாமாவின் கேள்விக்கு

செயின்ட் பால், மினசோட்டா
29.9.2019

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே மேப்பிள் இலைகள் சிவக்க ஆரம்பித்துவிட்டன. காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் பஸ்ஸுக்கு நிற்க முடியவில்லை.

போன வாரம் போனில், எதிர் வீட்டு மாமா சொன்னதாக ஒன்று கேட்டீர்கள். அமெரிக்கப் போலீஸ் வெள்ளைக்காரர்களைத்தான் அதிகம் சுடுகிறதாம், கறுப்பர் செத்தால் மட்டும் டிவியில் பெரிதாகக் காட்டுகிறார்களாம், நிஜமா என்று. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன் அல்லவா. மதியம் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்து, ஒரு சின்னப் பெட்டியில் அவரவர் சாப்பாட்டுக் கணக்கு எண்ணை அழுத்துவார்கள். கணக்கில் பணம் இல்லையென்றால் உடனே தெரிந்துவிடும். அப்போது அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்வதைப் பார்க்கச் சகிக்காது. இதே ஊரில், வேறொரு பள்ளியில், இதே மாதிரி வேலையில் இருந்தவர் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பர். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாம். பணமில்லாத பிள்ளைக்குத் தன் கையிலிருந்து போடுவாராம். 2016 ஜூலை 6 அன்று, பக்கத்து ஃபால்கன் ஹைட்ஸில் அவர் காரை ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். தன்னிடம் துப்பாக்கி இருப்பதைக் காஸ்டிலே முன்கூட்டிச் சொன்னார், அதற்கு முறையான அனுமதியும் இருந்தது. போலீஸ்காரர் ஏழு முறை சுட்டார், காஸ்டில் செத்துப்போனார். பின் சீட்டில் நான்கு வயதுக் குழந்தை. முன் சீட்டில் இருந்த அந்தக் குழந்தையின் அம்மா, நடுங்கும் நேரத்திலும் போனை எடுத்து ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினார். அந்தப் போன் மட்டும் இல்லாவிட்டால் உள்பக்கத்தில் நாலு வரி வந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த நாலு வரிக்கு என்று இங்கே ஒரு பாஷை இருக்கிறது, அப்பா. 'ஆபீசர் இன்வால்வ்ட் ஷூட்டிங்' என்று போடுவார்கள். போலீஸ்காரர் சம்பந்தப்பட்ட துப்பாக்கிச் சூடு என்று அர்த்தம். சுட்டது யார், செத்தது யார் என்று அதில் இருக்காது. போலீஸ் அறிக்கையில் இருப்பதை நிருபர் அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மினியாபொலிஸ். அங்கே 2015 நவம்பரில் ஜமார் கிளார்க் என்ற 24 வயதுக் கறுப்பு இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. சுட்டபோது அவர் கையில் விலங்கு இருந்ததா இல்லையா என்பதே பெரிய விவாதமாகிவிட்டது. குளிரில் 18 நாள் ஜனங்கள் காவல் நிலைய வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். யார் மீதும் வழக்கு வரவில்லை. காஸ்டிலைச் சுட்டவர் மீது வழக்கு வந்தது, 2017 ஜூன் 16 அன்று விடுதலையானார்.

அதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜஸ்டின் டேமண்ட் செத்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண். வீட்டுக்குப் பின்னால் யாருக்கோ ஆபத்து போலிருக்கிறது என்று அவரே போலீஸைக் கூப்பிட்டார், வந்த போலீஸ்காரரே சுட்டார். அந்தக் கொடுமையை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஆஸ்திரேலியப் பிரதமரே பேசினார். ஒரு வாரத்துக்குள் போலீஸ் தலைவர் பதவி விலகினார். டேமண்ட் யோகா சொல்லிக்கொடுத்ததையும் அடுத்த மாதம் கல்யாணம் இருந்ததையும் பத்திரிகைகள் எழுதின. எழுத வேண்டியதுதான். ஆனால் காஸ்டிலைப் பற்றி எழுதும்போது பள்ளிப் பிள்ளைகள் கதையோடு, காரில் கஞ்சா வாசனை அடித்ததாகப் போலீஸ்காரர் சொன்னதும் சேர்ந்தே வந்தது. டேமண்டைச் சுட்டவர் சோமாலி வம்சாவளியினர். 2019-ல் அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. காஸ்டிலைச் சுட்டவர் விடுதலையாக, ஒரு சோமாலிக்கு மட்டும் தண்டனை கிடைத்தது இங்கே இருக்கும் சோமாலிகளுக்கு ஆறாத புண்.

டேமண்ட் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு 2 கோடி டாலர். காஸ்டிலின் அம்மாவுக்குக் கிட்டத்தட்ட 30 லட்சம். கிளார்க் குடும்பத்துக்கு 2 லட்சம். வழக்குக்கு வழக்கு சட்ட நிலைமை வேறு என்பது தெரியும். ஆனாலும் இந்த மூன்று எண்ணையும் அடுத்தடுத்து எழுதும்போது கை கூசுகிறது.

சரி, மாமா சொன்னதற்கு வருகிறேன். போலீஸ் சுட்டுச் சாகிறவர்களை அரசாங்கம் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைதான் 2015-ல் ஒவ்வொருவராக எண்ணிப் பதிவு செய்ய ஆரம்பித்தது. வருஷத்துக்குச் சுமார் 1,000 பேர். அதில் வெள்ளைக்காரர்கள்தான் அதிகம் என்பது உண்மை, ஏனென்றால் நாட்டில் அவர்கள்தான் அதிகம். ஜனத்தொகையோடு சேர்த்துப் பார்த்தால் கறுப்பர்கள் சாகும் விகிதம் வெள்ளைக்காரர்கள் சாகும் விகிதத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மாமாவுக்கு வந்த செய்தி முதல் பாதியோடு நின்றுவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அந்த 1,000 பேரில் நாடு முழுவதும் பெயர் தெரிகிறவர்கள் விரல் விட்டு எண்ணுமளவுதான். வீடியோ இல்லாத கறுப்பரும் அதில் இல்லை, கிராமத்து ஏழை வெள்ளைக்காரரும் இல்லை. பூர்வகுடி மக்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1968-லேயே மினியாபொலிஸ் ஃபிராங்க்ளின் அவென்யூவில் அவர்கள் தாங்களே ரோந்து போய்ப் போலீஸைக் கண்காணித்தார்கள். இன்றைக்கும் அவர்கள் விகிதத்துக்கு அதிகமாகச் சாகிறார்கள், டிவியில் அந்த முகங்களைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை.

காஸ்டில் விழுந்த லார்பென்டர் அவென்யூ வழியாக எப்போதாவது போவேன். சாலையோரம் அவருக்காகப் பூ வைத்திருப்பார்கள். அவர் பெயரில் ஒரு நிதி திரட்டி, பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக் கடனை அடைத்தார்கள். அதுவும் செய்தியாக வந்தது, நல்லவேளை. எங்கள் வரிசையில் எண்ணை அழுத்தும் பிள்ளைகளிடம் அவரைப் பற்றி நான் இன்னும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை மாமாவுக்கும் படித்துக் காட்டுங்கள். அம்மாவைத் தைலம் தேய்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்