அப்பாவுக்காக வந்து நின்ற எல்லோருக்கும்

வணக்கம். அப்பாவின் காரியம் பதினாறாம் நாள் நல்லபடியாக முடிந்தது. நேரில் வந்து நன்றி சொல்லும் தெம்பு இன்னும் வரவில்லை, அதனால் இந்த மடல்.

கண் தானம் அப்பாவின் விருப்பம். உயிர் பிரிந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கண் வங்கியில் போனை எடுத்த தம்பி, "ஃபேனை நிறுத்துங்க, இமையை மூடி ஈரப் பஞ்சு வைங்க, தலைக்கு ரெண்டு தலையணை கொடுங்க" என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். கை நடுங்காமல் அதைச் செய்ய முடிந்தது அவர் குரலால்தான்.

அடுப்பு பற்றவைக்காத வீட்டுக்குத் தூக்குவாளியில் ரசம் சாதம் கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், பந்தல், நாற்காலி, ஃப்ரீசர் பெட்டி எல்லாவற்றையும் கேட்காமலே பார்த்துக்கொண்ட தெருப் பையன்களுக்கும் நன்றி. ஓயாமரி சுடுகாட்டில் வேலை பார்க்கும் அண்ணனை யாரும் நினைப்பதில்லை. மறுநாள் பால் தெளிக்கப் போனபோது, எலும்பை அவரே பொறுக்கிக் கழுவி, புதுப் பானையில் எடுத்து வைத்திருந்தார். தொழிற்சங்கத் தோழர்கள் 21 நாள் கெடுவுக்குள் இறப்பைப் பதிவு செய்து, அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கும் மனு எழுதிவிட்டார்கள்.

"அழாதே, மனசைத் தேத்திக்கோ" என்று சொன்னவர்கள் அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் அம்மாவுக்கு உண்மையில் உதவியது அப்பாவைப் பற்றிப் பேசியவர்கள். அப்பா கண்டக்டராக இருந்த துறையூர் பஸ்ஸில் தினமும் போய்வந்த ஒரு டீச்சரம்மா, பழைய டிக்கெட் ஒன்றைப் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார். பின்பக்கம் அப்பா கையெழுத்தில் "பாக்கி 3 ரூ." "இறங்குற அவசரத்துல வாங்க மறந்துட்டேன். மறுநாள் அவரே தேடி வந்து கொடுத்தார், டிக்கெட் மட்டும் எங்கிட்டயே தங்கிடுச்சு" என்றார். அம்மா பட்டென்று, "வீட்டுல மட்டும் சில்லறை கேட்டா அந்த மனுஷன் தரமாட்டார்" என்றாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தோம். சாயங்காலம் டீ நேரத்தில்தான் அவளுக்குத் தாங்காது. அந்த நேரம் பார்த்து வந்து உட்காரும் பக்கத்துவீட்டுப் பாட்டிக்குத் தனியாக ஒரு கும்பிடு.

ஆடி அமாவாசைக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் தர்ப்பணம், அப்புறம் வீட்டில் சாப்பாடு. எல்லோரும் வாருங்கள், அப்பாவின் கதை ஏதாவது இருந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள். வருகிறவர்கள் முதல் நாளே ஒரு வார்த்தை சொன்னால் சமையலுக்கு வசதியாக இருக்கும்.

அன்புடன்,
கண்டக்டர் வீட்டு மூத்த மகள்